மறுதலித்தவர் மீண்ட கரை

திருகோணமலைக் கடற்கரையிலே விடியற்காலையில் உலாவச் செல்வோர் ஒரு காட்சியைக் காணாதிருத்தல் அரிது. இரவெல்லாம் கடலிலே கழித்துவிட்டு வெறும் வலையோடு கரை சேரும் தோணி. ஒருவரோடொருவர் பேசாது வலையை உதறும் மனிதர். சற்றே தள்ளி, சுள்ளிகளைக் கூட்டி மூட்டிய நெருப்பு. நாம் சைவக் குடியிலே பிறந்து வளர்ந்தவர். எனினும் அக்காட்சியைக் காணுந்தோறும் கிறிஸ்தவ வேதத்திலுள்ள ஒரு வரலாறே நம் நினைவுக்கு வருகின்றது. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பேதுரு என்னும் மீனவரின் வரலாறு அது. நம் ஊர்க் கத்தோலிக்க முதியோர் அவரை இராயப்பர் என்றே அழைத்து வந்தனர். பேதுரு என்றால் பாறை. ஆனால் பாறை எனப் பெயர் பெற்ற அம்மனிதர், வேண்டிய வேளையிலே பாறையாய் நிற்கவில்லை. எல்லாரும் கைவிட்டாலும் தாம் கைவிடப் போவதில்லை என்று இராப்போசனத்தின்போது அவர் ஆசிரியரிடம் வீறாப்பாய்ச் சொன்னார். அன்றிரவே இயேசுநாதர் பிடிபட்டார். பேதுரு தூரத்தே பின்தொடர்ந்து சென்று தலைமைக் குருவின் முற்றத்திலே நின்றார். குளிர்காலம், வேலையாட்கள் கரிநெருப்பு மூட்டியிருந்தனர், அவரும் அவர்களோடு நின்று குளிர்காய்ந்தார். ‘நீயும் அவனுடைய ஆள் அல்லவா?’ என்று முதலிற் கேட்டவள் ஒரு வேலைக்காரப் பெண். நீதிபதியுமல்லன், போர்வீரனுமல்லன்! அவளுக்கே அஞ்சி, அவரை அறியேன் என்றார். மூன்று முறை வினவப்பட்டார். மூன்று முறையும் மறுத்தார். கலிலேயா நாட்டுப் பேச்சு அவரைக் காட்டிக்கொடுத்தபோது ஆணையிட்டும் மறுத்தார். சேவல் கூவிற்று. ஆசிரியர் திரும்பி அவரை நோக்கினார் என்று லூக்கா எழுதுகின்றார். அந்த ஒரு நோக்கைத் தாங்கமாட்டாது பேதுரு வெளியே சென்று அழுதார்.

அதே இரவிலே மற்றொரு சீடனும் வழுவினான். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்கு ஆசிரியரைக் காட்டிக்கொடுத்தவன். அவனும் மனம் வருந்தினான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். காசைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். அதைக் கொடுத்தவர்களோ, எங்களுக்கென்ன என்று கைவிரித்தனர். அவன் சென்று நான்றுகொண்டான். இருவரும் வழுவினர், இருவரும் வருந்தினர். பின்னர் என்ன வேறுபாடு? குற்றத்தின் அளவிலே அதனைத் தேடுதல் பொருந்தாது என்பது நம் கருத்து. யூதாஸ் தன் துயரத்தைத் தன்னை விலைக்கு வாங்கியவர்களிடமே கொண்டுபோனான். பேதுருவோ வெட்கத்தோடேனும் தோழரிடையே இருந்தார், விடியும்வரை இருந்தார்.

அவ்விடியல் திபேரியாக் கடலோரத்திலே வந்தது. பேதுருவும் தோழர் அறுவரும் இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் இருந்தனர். கரையிலே நின்ற ஒருவர் வலப்பக்கத்தே வலையை வீசுமாறு கூறினார். பெரிய மீன்கள் 153 விழுந்தன. நிற்பவர் யார் என்று அறிந்ததும் பேதுரு தோணி கரை சேரும்வரை பொறுக்கவில்லை. மேலாடையைக் கட்டிக்கொண்டு கடலிற் பாய்ந்தார். கரையிலே கரிநெருப்பு, அதன்மேல் மீன், அருகே அப்பம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் ஈரிடங்களிலேயே வருகின்றது. ஒன்று பேதுரு மறுதலித்த முற்றம். மற்றையது இந்தக் கரை. எந்தப் புகை நாற்றத்திலே விழுந்தாரோ அதே புகை நாற்றத்திற்குள் மீண்டும் அழைக்கப்பட்டார். முதலிலே உணவளித்தார், உண்ட பின்னரே வினவினார். (ஆசிரியராகிய நாம் இந்த வரிசையைத் தலைகீழாகவே செய்து பழகியிருக்கிறோம்.) ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. என்மேல் அன்பு உண்டா என்றே மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை பேதுருவுக்கு நெஞ்சு நொந்தது. எண்ணிக்கை அவருக்கு விளங்காமலா இருந்திருக்கும்? ஒவ்வொரு விடைக்கும் பின்னர், தம் மந்தையைப் பார்த்துக்கொள்ளுமாறு பணித்தார். மன்னித்தேன் என்ற சொல் அப்பகுதியில் ஓரிடத்தும் இல்லை. வேலை கொடுக்கப்பட்டது, அவ்வளவே.

சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றை அறிந்த சைவ அன்பர்க்கு இது புதிதாய்த் தோன்றாது. திருவொற்றியூரிலே சங்கிலியார்க்குக் கொடுத்த வாக்கைத் தவறிக் கண்ணிழந்தவர்க்குத் திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண். திருவாரூரில் மறு கண். திரும்பும் வழி அங்கும் நடந்தே கடக்கவேண்டிய வழிதான்.

பேதுருவின் வழு அவரோடு முடியவில்லை. 250ஆம் ஆண்டளவிலே தேசியுஸ் என்னும் உரோமப் பேரரசன், யாவரும் தேவர்க்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் எனக் கட்டளையிட்டான். கிறிஸ்தவர் பலர் அஞ்சிப் பலியிட்டனர். சிலர் பலியிடாமலே சான்றிதழை விலைக்கு வாங்கினர். அச்சான்றிதழ்கள் சில எகிப்திய மணலிலே அகப்பட்டிருக்கின்றன. கொடுமை தணிந்ததும் அவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டினர். சேர்க்கலாகாது என்றார் உரோமையில் நோவாத்தியன் என்பார். கார்த்தேஜ் நகரில் 251இல் கூடிய ஆயர்களோ, வழுவின் தன்மைக்கேற்பத் தவ ஒறுத்தல் செய்வித்துச் சேர்க்கலாம் என்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சிப்பிரியன் தாமே அக்கொடுமையின்போது மறைந்து வாழ்ந்தவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

நம் தீவிலும் அது நிகழ்ந்தது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அக்கற்களாற் கோட்டை கட்டியதை நம்மூர்ச் சிறுவரும் அறிவர். அவர்களை வென்று வந்த ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் விரட்டப்பட்டனர். பதவிக்கும் திருமணப் பதிவுக்கும் முதுசத்துக்கும் ஒல்லாந்தரின் சபையிலே பெயர் இருத்தல் வேண்டும் என்றாயிற்று. கத்தோலிக்கர் பலர் பகலிலே அச்சபைக்குச் சென்று, இரவிலே செபமாலை உருட்டினர். அவர்களைப் பார்த்துச் சைவர் நகைப்பதற்கு இடமில்லை. விரதத்தன்று உண்ட வாழையிலையைக் கூரை இறப்பிலே செருகி மறைத்த நம் முன்னோரும் அதே அச்சத்தில் வாழ்ந்தவரே.

1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்திலே இத்தீவுக்கு வந்தார். கழுத்திலே செபமாலையை அணிந்து வீடுவீடாய் இரந்து திரிந்தார். அதைக் கண்டு எவர் முகம் மாறுகின்றதோ அவர் இன்னார் என்று அறிந்துகொள்வார். சில்லாலையை உறைவிடமாகக் கொண்டு, மறுதலித்து வாழ்ந்தவர்களை இரவிலே சந்தித்துப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். இதற்காகவே தமிழ் கற்றார். 1711இல் கண்டியிலே மறைந்த அவரை 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

இனி நம் கதை. 1996இல் நாம் உயர்தர வகுப்பிலே பயின்றுகொண்டிருந்தோம். நம்மோடு ஒரே வாங்கிலே அமர்ந்த தோழர் ஒருவர், கத்தோலிக்க மீனவக் குடும்பத்துப் பிள்ளை. ஒருநாள் மாலை இருவரும் சைக்கிளிலே திரும்புகையில் வழியிலே மறித்தனர். தோழரிடம் அடையாள அட்டை இல்லை. அவரை ஒருபுறம் நிறுத்திவிட்டு, இவனைத் தெரியுமா என்று நம்மை வினவினர். ‘தெரியாது’ என்றோம். ஒரே முறைதான் கேட்டார்கள். நமக்கு அதுவே போதுமாயிருந்தது. சைக்கிளை மிதித்து வீடு சேர்ந்தோம். மூன்று நாளின்பின் அவர் விடப்பட்டார். பள்ளிக்கு வரவில்லை, தந்தையாரோடு கடலுக்குச் சென்றார் என்று கேள்வியுற்றோம். அவர் வீடு கால் மைல் தூரம். நாம் போகவில்லை. பின்னர்ப் பல்கலைக்கழகம், உத்தியோகம் என்று ஆண்டுகள் ஓடின. சந்தையிலே அவரைத் தூரத்தே கண்டால் வேறு தெருவாலே திரும்புவோம்.

2013இல் ஒரு மாலை அவர் நம் படலையைத் திறந்து வந்தார். பக்கத்திலே பதின்மூன்று வயது மகன்.

“மச்சான், இவனுக்குக் கணக்கு ஏறுதில்லை. நீதான் பாக்க வேணும்.”

நாம் அன்றைய நிகழ்ச்சியைப் பற்றித் தடுமாறி வாயெடுத்தோம். அவர் சற்று நேரம் முற்றத்து மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பெடியனை எந்த நாள் அனுப்ப?”

வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றோம். முதல் நாளே பையன் ஓலைப் பையொன்றிலே விளைமீன் கொண்டுவந்து நீட்டினான். வெள்ளிக்கிழமை, நம் வீட்டிலே அடுப்பங்கரைக்குள் அதைக் கொண்டுபோக வழியில்லை. மறுக்கவும் மனம் வரவில்லை. வாங்கி அயல் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அவனைப் பின்னக் கணக்கிலிருந்து தொடங்குவித்தோம்.