இடிமழை ஆய்வுத் திட்டம்

இடிமழை ஆய்வுத் திட்டம் என்பது இடிமுகில் தோன்றி, வளர்ந்து, அழியும் முறையை நேரடியாக அளந்தறிவதற்காக அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1946, 1947 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட வளிமண்டல ஆய்வு ஆகும். ரேடார், வானூர்தி, தரை நிலையங்கள், பலூன்கள் ஆகிய அனைத்தும் ஒரே முகிலை ஒரே நேரத்தில் அளந்தது இதன் சிறப்பு. இடிமுகிலின் வாழ்வு மூன்று கட்டங்களைக் கொண்டது என்று இன்று பாடநூல்களில் காணப்படும் விளக்கம் இவ்வாய்விலிருந்து பெறப்பட்டதே.

பின்னணி

முகிலுக்குள் நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிப்படும் வெப்பமே புயல்களை இயக்குகிறது என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் எஸ்பி 19 ஆம் நூற்றாண்டிலேயே முன்வைத்தார். 1841 இல் வெளிவந்த அவரது நூல் இதனை விரிவாகப் பேசுகிறது. எனினும் முகிலின் உள்ளே காற்று எங்கு ஏறுகிறது, எங்கு இறங்குகிறது என்பதை எவரும் அளந்திருக்கவில்லை. தரையில் நின்று கண்டவற்றைக் கொண்டே முகிலின் உட்பகுதி ஊகிக்கப்பட்டு வந்தது.

பயணிகள் வானூர்திப் போக்குவரத்து பெருகியபோது இந்த அறியாமைக்கு உயிர்களே விலையாயின. 1940 ஆகஸ்ட் 31 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் லவட்ஸ்வில் என்னும் ஊருக்கு அருகே, இடிமழை வேளையில் டி.சி.-3 வகைப் பயணிகள் வானூர்தி ஒன்று விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 25 பேரும் உயிரிழந்தனர். மின்னசோட்டா மாநிலச் செனட்டர் எர்னஸ்ட் லண்டீனும் அவர்களுள் ஒருவர். இடிமுகிலைச் சுற்றிச் செல்வதா, ஊடே செல்வதா, எந்த உயரத்தில் செல்வது என்ற கேள்விகளுக்கு வானோடிகளிடம் அளவீட்டின் அடிப்படையிலான விடை அப்போது இல்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இதற்கு வழி பிறந்தது. போருக்காக உருவாக்கப்பட்ட ரேடார்களும் உறுதியான வானூர்திகளும், கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கப் பயின்ற வானோடிகளும் ஆய்வுக்குக் கிடைத்தனர். அமெரிக்க வானிலைத் துறை, தரைப்படையின் வான் பிரிவு, கடற்படை, வானூர்தியியல் தேசிய ஆலோசனைக் குழு ஆகிய நான்கும் இணைந்து திட்டத்தை நடத்தின. சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹொரேஸ் பையர்ஸ் இதன் இயக்குநர். ராஸ்கோ பிரஹாம் ஆய்வு முடிவுகளைத் தொகுப்பதில் முதன்மைப் பங்கு வகித்தார்.

ஆய்வு முறை

1946 கோடையில் ஃபுளோரிடாவிலும் 1947 கோடையில் ஒஹையோவிலும் களப்பணி நடைபெற்றது. ஃபுளோரிடா தீபகற்பத்தில் கோடைப் பிற்பகல்களில் இடிமழை அடிக்கடி உண்டாகும். ஒஹையோ உள்நாட்டுச் சமவெளிப் பகுதி. ஆகவே இருவேறு சூழல்களை ஒப்பிட இயன்றது.

தரையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் நெருக்கமாக அமைக்கப்பட்டன. அவை வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம், காற்று, மழை ஆகியவற்றை இடைவிடாது பதிவு செய்தன. கருவி பொருத்திய பலூன்கள் முகிலைச் சுற்றியிருந்த காற்றின் நிலையைக் காட்டின. மிதவை வானூர்திகளும் பயன்பட்டன.

முகிலினுள் செல்லும் பணி பி-61 ‘பிளாக் விடோ’ என்னும் இரட்டை எஞ்சின் வானூர்திகளுக்கு ஒப்படைக்கப்பட்டது. இவை போர்க்காலத்தில் இரவு வேட்டைக்காக உருவாக்கப்பட்டவை. மூக்குப் பகுதியில் ரேடார் உடையவை. ஐந்து வானூர்திகள் ஏறத்தாழ 5,000 அடி இடைவெளியில், ஒன்றின்மேல் ஒன்றாக, சுமார் 5,000 அடி முதல் 25,000 அடி வரையுள்ள உயரங்களில் ஒரே முகிலுக்குள் நுழைந்தன. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் ரேடார் திரையைப் பார்த்து அவற்றை வழிநடத்தினார். இரண்டு கோடைகளிலும் சேர்த்து 1,300-க்கும் மேற்பட்ட முறை வானூர்திகள் இடிமுகில்களை ஊடுருவின.

வானோடிகள் இப்பணிக்குத் தாமாக முன்வந்தவர்கள். அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை வழக்கத்துக்கு மாறானது. காற்று வானூர்தியைத் தூக்கினாலும் இறக்கினாலும் உயரத்தை மீட்க முயலக்கூடாது. எஞ்சின் விசையை மாற்றாமல், வானூர்தியின் சாய்வைச் சமநிலையில் வைத்துக்கொண்டு காற்றின் போக்கில் விட வேண்டும். ஏனெனில் அவ்வாறு பறக்கும் வானூர்தியே ஓர் அளவுகருவி ஆகிறது. உயரமானி காட்டும் ஏற்ற இறக்கத்திலிருந்து காற்றோட்டத்தின் செங்குத்து வேகத்தைக் கணக்கிடலாம். கருவிப் பலகையின் அளவுகள் ஒளிப்படமாகத் தொடர்ந்து பதிவாயின. மின்னல் தாக்கியும் ஆலங்கட்டி மோதியும் வானூர்திகள் சேதமுற்றதுண்டு. ஆயினும் இடிமுகிலால் ஒரு வானூர்திகூட இழக்கப்படவில்லை.

ரேடார் காட்டியதும் காட்டாததும்

ரேடார் அனுப்பும் நுண்ணலைகள் மழைத்துளிகளில் பட்டுச் சிறிதளவு திரும்பி வருகின்றன. திரும்பும் ஆற்றல் துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் உள்ளது. அதாவது விட்டம் இருமடங்கானால் எதிரொலிப்பு 64 மடங்காகும். ஆகவே மிகச் சிறிய முகில் துளிகள் மட்டுமே உள்ள இளம் முகில், கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் அக்கால ரேடார் திரையில் தோன்றவில்லை. துளிகள் மழையளவுக்குப் பெருத்த பின்னரே முதல் எதிரொலிப்பு கிடைத்தது.

முகிலுக்குள் மழை உருவாகும் நேரத்தையும் உயரத்தையும் ரேடார் காட்டியது. காற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அது அப்போது காட்டவில்லை. அதை வானூர்திகள் காட்டின. இரண்டையும் தரைப் பதிவுகளுடன் பொருத்தியபோதே முழு விளக்கம் கிடைத்தது.

மூன்று கட்டங்கள்

கண்ணுக்கு ஒரே மலைபோலத் தெரியும் இடிமுகில் பெரும்பாலும் பல தனி அலகுகளின் தொகுப்பு என்பது ஆய்வின் முதன்மை முடிவு. இந்த அலகு ‘கலம்’ எனப்படுகிறது. ஒவ்வொரு கலமும் பின்வரும் மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

1. திரள்முகில் கட்டம்: தரைக்கு அருகிலுள்ள வெப்பமான ஈரக் காற்று மேலெழுகிறது. ஏறும் காற்று விரிவடைந்து ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 பாகை செல்சியஸ் என்ற அளவில் குளிர்கிறது. நீராவி நீர்த்துளியாகத் தொடங்கியதும் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2,500 ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால் குளிர்தலின் வீதம் குறைகிறது. இதனால் முகில் காற்று சூழ்ந்துள்ள காற்றைவிட வெப்பமாக இருந்து மேலும் ஏறுகிறது. இக்கட்டத்தில் முகில் முழுவதும் மேலெழு காற்றோட்டமே உள்ளது. தரையில் மழை இல்லை. இது பொதுவாக 10 முதல் 15 நிமிடம் நீடிக்கும்.

2. முதிர்நிலைக் கட்டம்: மேலெழு காற்று தாங்க இயலாத அளவுக்குத் துளிகளும் பனிக்கட்டித் துகள்களும் பெருத்து விழத் தொடங்குகின்றன. விழும் துளிகள் காற்றைத் தம்முடன் இழுக்கின்றன. முகிலுக்குள் கலக்கும் வறண்ட வெளிக்காற்றில் துளிகளின் ஒரு பகுதி ஆவியாவதால் காற்று குளிர்ந்து கனக்கிறது. இவ்விரண்டாலும் கீழிறங்கு காற்றோட்டம் பிறக்கிறது. மழை தரையைத் தொடுவதே இக்கட்டத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஏற்றமும் இறக்கமும் அருகருகே இருப்பதால் குலுக்கல் மிகுகிறது. மின்னல், ஆலங்கட்டி, பலத்த மழை ஆகியன உச்சமடைவதும் இப்போதே. முகிலின் உச்சி 12 கிலோமீட்டரையும் தாண்டலாம். இக்கட்டம் 15 முதல் 30 நிமிடம் வரை நீடிக்கும்.

3. அழிவுக் கட்டம்: இறங்கிய குளிர்காற்று தரையில் பரவி, முகிலுக்கு உணவான வெப்ப ஈரக் காற்றின் வரவைத் துண்டிக்கிறது. முகிலில் இறக்கம் மட்டுமே எஞ்சுகிறது. மழை தணிந்து தூறலாகிறது. உச்சியில் கொல்லன் பட்டடை வடிவில் விரிந்த பனித்துகள் முகில் மட்டும் சிறிது நேரம் நிற்கும்.

கலத்தின் அழிவுக்குக் காரணம் அது பெய்யும் மழையே என்பது இதிலிருந்து தெளிவாகும். அப்படியாயின் சில இடிமழைகள் பல மணி நேரம் நீடிப்பது எவ்வாறு? தரையில் பரவும் குளிர்காற்றின் விளிம்பு, அருகிலுள்ள வெப்பக் காற்றை நெம்பி உயர்த்துகிறது. அங்குப் புதிய கலம் பிறக்கிறது. ஒரு கலத்தின் ஆயுள் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டதாயினும் அடுத்தடுத்துப் பிறக்கும் கலங்களால் இடிமழை தொடர்கிறது.

விளைவுகளும் வரம்புகளும்

ஆய்வின் இறுதி அறிக்கை 1949 இல் வெளியாயிற்று. முகிலுக்குள் சிக்கிய வானோடி உயரத்தை மீட்கப் போராடாமல் சமநிலையை மட்டும் காத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்றும் பறத்தல் பயிற்சியில் கற்பிக்கப்படுகிறது.

மூன்று கட்ட விளக்கம் எல்லா இடிமுகில்களுக்கும் பொருந்தாது. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் பெரிதும் மாறுபடும் சூழலில், மழை மேலெழு காற்றின்மீது விழாமல் விலகி விழுகிறது. அதனால் முகில் தன்னைத்தானே அழித்துக்கொள்வதில்லை. இத்தகைய நெடுநேர முகிலைப் பிரிட்டன் அறிஞர் கீத் பிரௌனிங் 1960களில் ரேடார் பதிவுகளின் துணையுடன் விளக்கி ‘பெருங்கலம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

கீழிறங்கு காற்றின் கொடுமை முழுமையாக உணரப்பட மேலும் காலம் பிடித்தது. ஜப்பானில் இடிமுகிலின் இறங்கு காற்றைத் தனியே ஆராய்ந்திருந்த டெட்சுயா ஃபுஜிட்டாவைப் பையர்ஸ் 1953 இல் சிகாகோவுக்கு வரவழைத்தார். 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கின் கென்னடி வானூர்தி நிலையத்தில் இறங்க வந்த போயிங் 727 வானூர்தி இடிமழையில் விழுந்து 113 பேர் மாண்டனர். அவ்விபத்தை ஆராய்ந்த ஃபுஜிட்டா, சிறு பரப்பில் தரையை நோக்கிப் பாய்ந்து பரவும் வன்மையான காற்றே காரணம் என்றார். அதனுள் நுழையும் வானூர்திக்கு முதலில் எதிர்க்காற்று கிடைத்து ஏற்றம் மிகும். அடுத்து இறங்கு காற்று கீழே தள்ளும். பின்னர் முதுகுக்காற்று வீச, இறக்கைகளின் தாங்கும் விசை திடீரெனக் குறையும். தரைக்கு அருகில் மீள நேரம் இராது.

இக்கருத்தைத் தொடக்கத்தில் பலர் ஏற்கவில்லை. 1978 இல் சிகாகோ அருகிலும் 1982 இல் டென்வர் அருகிலும் டாப்ளர் ரேடார்களால் நடத்தப்பட்ட ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தின. டாப்ளர் ரேடார் திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு, துளிகள் ரேடாரை நோக்கி வரும் அல்லது விலகும் வேகத்தை அளக்கிறது. 1946 இல் வானோடிகள் உள்ளே சென்று உணர வேண்டியிருந்த காற்றோட்டத்தின் ஒரு பகுதியை இன்று தொலைவிலிருந்தே காண முடிகிறது. 1990கள் முதல் அமெரிக்காவின் முதன்மையான வானூர்தி நிலையங்கள் பலவற்றில் இதற்கெனவே ரேடார்கள் நிறுவப்பட்டன.

கடுமையான இடிமுகிலிலிருந்து குறைந்தது 20 மைல் விலகிச் செல்லுமாறு இன்று வானோடிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது. விலக வேண்டிய முகிலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் அளந்து சொன்னவர்கள், அதனுள் வேண்டுமென்றே நுழைந்து திரும்பிய அந்த வானோடிகளே.