வாசிக்காத பேஸ்

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஆக்ரன் என்று ஓர் ஊர். குட்இயர், ஃபயர்ஸ்டோன், ஜெனரல் டயர் எல்லாம் பிறந்த மண். உலகின் ரப்பர் தலைநகரம் என்றே பெயர் எடுத்திருந்தது. ஆலைகள் அடங்கிப்போன காலத்தில் அங்கே ஒரே வட்டாரத்தில் வளர்ந்தவர்கள் டான் ஆவர்பாக்கும் பேட்ரிக் கார்னியும். ஒருவர் கையில் கிட்டார், இன்னொருவரிடம் டிரம்ஸ். மிசிசிப்பியின் ஜூனியர் கிம்ப்ரோ வாசித்த, ஒரே சுழலில் சுற்றிவரும் புளூஸ்மேல் ஆவர்பாக்குக்குத் தீராத பித்து. 2001இல் ‘தி பிளாக் கீஸ்’ பிறந்தது. முதல் ஆல்பத்தைக் கார்னி வீட்டு நிலவறையில் பதிந்தார்கள். இரண்டாவதின் பெரும்பகுதி 14 மணி நேரத்தில் முடிந்தது. 2004இல் வந்த மூன்றாவதற்கு ‘ரப்பர் ஃபேக்டரி’ என்று பெயர். கைவிடப்பட்ட டயர் ஆலை ஒன்றுக்குள் உட்கார்ந்தே அதைப் பதிந்தார்கள்.

அந்த ஆரம்ப வருடங்களில் மேடையில் இவர்கள் இருவர்தான். பேஸ் கிட்டார் கிடையாது. ஆனாலும் அடிவயிறு அதிர்கிறது. எப்படி?

கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 82 முறை அதிரும். அதற்கு மேல் ஐந்தாம் சுரம், நாம் ச–ப என்கிற அதே உறவு, சுமார் 123. சுத்தமான ஆம்ப்ளிஃபையர் இரண்டையும் தனித்தனியாகப் பெருக்கிக் கொடுத்துவிடும். ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலை மிதித்தால் கதை மாறுகிறது. தாங்கும் அளவுக்கு மேல் சமிக்ஞையை ஏற்றுவதால் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. கோபுரம் மொட்டைமாடி ஆகிறது. அப்படி வெட்டுப்படும்போது இரண்டு சுரங்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, யாரும் மீட்டாத புது அதிர்வெண்களைப் பெற்றெடுக்கின்றன. அவற்றில் ஒன்று இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்: 123இல் 82 போக, 41. பேஸ் கிட்டாரின் தடித்த தந்திக்கு உரிய அதிர்வெண்ணும் அதே 41தான்! முதன்முதலாக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. வராத ஆளின் சுரத்தை இரைச்சலே வாசித்துவிடுகிறது.

காதும் தன் பங்குக்குக் கை கொடுக்கிறது. சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனால் அதன் மடங்குகள் மேலே வரிசையாக ஒலித்தால் போதும், அடியில் அந்த ஆதார சுரம் இருப்பதாகவே மூளை கேட்டுக்கொள்கிறது.