போத்தலில் அடைத்த வினாகிரியைக் கெடாது வைத்திருத்தல்

மாங்காயையும் மிளகாயையும் அழுகாமற் காப்பது வினாகிரி. அதுவே கெட்டுப்போகக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பீப்பாவிற் பாதியளவாகக் கிடந்த தென்னங்கள்ளு வினாகிரி சில மாதங்களிற் புளிப்புக் குன்றிவிட, அதில் இட்ட ஊறுகாய் முழுவதும் பூஞ்சணம் பிடித்து, பழத்தின் விலையும் உழைப்பும் ஒருங்கே வீணாவதுண்டு.

இதற்குக் காரணம் வினாகிரி உண்டாகும் முறையிலேயே உளது. கள்ளிலுள்ள வெல்லம் மதுவத்தின் செயலால் முதலில் அற்ககோலாகின்றது. பின்னர் ஒருவகைப் பற்றீரியாக்கள் வளியிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு அவ்வற்ககோலை அசற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. அற்ககோல் தீர்ந்த பின்னரும் வளி கிடைக்குமாயின் அவற்றுட் சில ஓய்வதில்லை. தாம் ஆக்கிய அமிலத்தையே காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் சிதைத்துவிடுகின்றன. ஆதலால், பக்குவமடைந்த வினாகிரிக்கு வளியே முதற் பகை. முன்னர் அதை ஆக்குதற்கு இன்றியமையாததாயிருந்ததும் அவ்வளியே.

விற்பனைக்குரிய வினாகிரியில் 100 மில்லிலீற்றருக்கு 4 கிராமுக்குக் குறையாத அசற்றிக்கமிலம் இருத்தல் வேண்டும். இவ்வளவினை எட்டியதும் வினாகிரியைத் தெளியவைத்து, துணியில் வடித்து, போத்தலின் கழுத்துவரை நிரப்பி இறுக அடைக்க வேண்டும். பீப்பாவிற் குறைந்து போனதை நீரூற்றி நிரப்புவது பெருந்தவறு; சிறிய கலத்துக்கு மாற்றுவதே தக்கது.

நெடுங்காலம் வைப்பதாயின் சூடேற்றலும் வேண்டும். பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் 1868இல் வினாகிரி பற்றிய தமது நூலை வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் முறையே இங்கும் பயன்படுவது. நிரப்பிய போத்தல்களை நீருள்ள பாத்திரத்தில் நிறுத்தி, உள்ளிருக்கும் வினாகிரி 60 முதல் 65 பாகை செல்சியசு வரை சூடாகும்படி மெதுவாக எரித்து, அவ்வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்து, உடனே அடைக்கலாம். கொதிக்கவிடலாகாது, ஆவியோடு அமிலமும் மணமும் போய்விடும்.

இவ்வாறு அடைத்துத் திறவாது வைத்த போத்தல் ஆண்டுகள் பல கழிந்தும் பயன்படும். நிறம் சற்றுக் கறுக்கலாம். அடியில் மண்டி தங்கலாம். இவற்றால் தீங்கில்லை. மேலே வழுவழுப்பான படை காணப்படின், அது வினாகிரித் தாய் எனப்படும் பற்றீரியாப் படையாகும். அதனைக் கண்டு போத்தலையே வீசுவோர் உளர். அது வேண்டாத நட்டம், வடித்துப் பயன்படுத்தலாம். ஆயினும் படை தோன்றியமை உள்ளே வளி புகுந்ததற்கு அடையாளம் ஆதலால், அப்போத்தலை முதலில் முடித்துவிடுவது நன்று. நூல்போன்ற நுண்புழுக்கள் நெளியக் காணின், அவை மனிதருக்கு நோய் செய்வனவல்லவாயினும், அத்தகைய வினாகிரியை விலைக்கு விடலாகாது.

போத்தல்களை வெயில்படாத, அடுப்பின் வெக்கை எட்டாத இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். வைன் போத்தலைப் படுக்க வைப்பது தக்கை உலராதிருத்தற் பொருட்டு. வினாகிரிக்கு அது வேண்டியதில்லை.

கலத்தைப் பற்றியே பலர் கவலையற்றிருக்கின்றனர். செம்பு, பித்தளை, ஈயப்பூச்சுள்ள மட்கலம் ஆகியவற்றை அமிலம் அரிக்கும். அவ்வாறு கரைந்த உலோகம் நஞ்சாகும். இரும்பு பட்டால் வினாகிரி கறுக்கும். வெறும் தகர மூடியும் சில கிழமைகளில் துருப்பிடிக்கும். கண்ணாடிப் போத்தலும், தக்கை அல்லது உணவுக்கேற்ற பிளாத்திக்கு மூடியுமே ஏற்றன. பழைய சாராயப் போத்தலைப் பயன்படுத்துவோர் அதன் உலோக மூடியை நீக்கிவிட்டுப் புதுத் தக்கை இடுதல் வேண்டும்.