பிறந்த திகதி தெரிந்த பின்

பிறந்தநாள் கொண்டாடக் கூடுமா, கூடாதா என்ற வாதம் எங்கட வீடுகளில் ஓய்வதில்லை. கேக் வெட்டுவது கிறிஸ்தவர்களின் வழக்கம் என்பார் ஒரு சாரார். புள்ளைகளின் சந்தோஷத்துக்குத்தானே என்பார் மற்றவர். வழக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டு பேச்சும் கொஞ்சம் தடுமாறும்.

வருடா வருடம் கொண்டாடுவதற்கு முதலில் திகதி தெரிய வேணும். கிழக்கில் ஒரு மூத்தும்மாவிடம் வயதைக் கேட்டால், "57 வெள்ளத்துல நான் கைப்புள்ள" என்பார். அடுத்த தலைமுறைக்கு 78 சூறாவளி. பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாமல், உத்தேச வயதுச் சான்றிதழோடு காலம் கழித்தவர்கள் எத்தனை பேர்! இதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பையும் 'யானை ஆண்டு' என்றுதான் வரலாறு குறிக்கிறது. கிழமை திங்கள் என்பது ஹதீஸில் இருக்கிறது. ரபீஉல் அவ்வலின் எத்தனையாம் பிறை என்பதில்தான் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். அந்தத் திங்களை அவர்கள் நோன்பு நோற்றுச் சிறப்பித்தார்கள், அதுவும் வாராவாரம்.

திகதியைக் குறித்து வைத்து விருந்து வைத்தவர்கள் பெரும்பாலும் அரசர்களும் செல்வர்களும். யூசுஃப் நபியோடு சிறையிலிருந்த இருவரில் ஒருவர் விடுதலையானதும் மற்றவர் கொல்லப்பட்டதும் எகிப்திய மன்னனின் பிறந்தநாள் விருந்தன்று என்கிறது ஆதியாகமம். குர்ஆனில் அந்த விருந்து பற்றிய பேச்சில்லை. பாரசீகர் எல்லா நாளிலும் பிறந்தநாளையே பெரிதாக மதித்தனர் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதினார். பணக்காரர் மாட்டையோ ஒட்டகத்தையோ முழுதாகச் சுட்டார்களாம். ஏழைகள் சின்னக் கால்நடையோடு நின்றார்கள். வகுப்புக்கு டொபிப் பெட்டியோடு வரும் புள்ளையையும், தன்ட பிறந்தநாளை மறைக்கும் புள்ளையையும் பார்க்கும்போது எனக்கு இந்தப் பாரசீகர்தான் ஞாபகம் வருவார்கள்.

உரோமரிடம் இது வழிபாடாகவே இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு காவல் தெய்வம் உண்டென்று நம்பி, பிறந்தநாளில் அதற்கு மதுவும் சாம்பிராணியும் பணியாரமும் படைத்தார்கள். ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோன், ஏரோது போன்ற கெட்டவர்களே என்று 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிஜன் வாதிட்டார். எங்கட மிம்பர்களில் கேட்கும் வாதம் அங்கேயும் நடந்திருக்கிறது!

பிற்காலத்தில் கிறிஸ்தவ உலகம் அதை ஏற்றுக்கொண்டது. மெழுகுதிரி வைத்த கேக் ஜெர்மனியிலிருந்து வந்தது; 1746இல் சின்செண்டோர்ஃப் பிரபுவின் பிறந்தநாள் கேக்கில் வயதுக்கேற்ற எண்ணிக்கையில் திரிகள் நின்றதாகக் குறிப்பு உண்டு. பாட்டின் கதை இன்னும் புதினம். அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹில் சகோதரிகள் 1893இல் வெளியிட்ட அந்த மெட்டு, பாலர் வகுப்பில் காலை வணக்கம் சொல்லப் பாடியது. பிறந்தநாள் வரிகள் பின்னால் ஏறின. அந்த வரிகளுக்கு ஒரு கம்பெனி பல வருடம் உரிமைப் பணம் வாங்கியது. 2016இல் வழக்கு முடிந்த பின்தான் பாட்டு எல்லோருக்கும் பொதுவானது.

எங்கட மரபில் பிறப்புக்கான விருந்து ஒரு தடவைதான். 7ஆம் நாள் அகீகா, பேர் வைத்தல், களைந்த முடியின் எடைக்கு வெள்ளி தர்மம்.

இன்று தரம் 1இல் சேர்க்கவே பிறந்த திகதி வேணும். எல்லாப் புள்ளைகளும் அதை மனப்பாடமாகச் சொல்லும். ஹிஜ்ரித் திகதியைக் கேட்டால் முழிக்கும். ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால், ஆங்கிலக் கணக்கில் 33 வயது நிறைந்தவருக்குப் பிறைக் கணக்கில் 34 நிறைந்திருக்கும். ஸகாத்துக்கும் நோன்புக்கும் பிறையை எண்ணுகிற நாங்கள் வயதுக்கு மட்டும் அதை எண்ணுவதில்லை.