புதிய மின்சுற்றும் சோதனைப் பத்திரமும்

இங்கிலாந்தில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் நம்மவர்கள் சமையலறையைப் பின்புறமாக நீட்டிக் கட்டினாலும், குளியலறையில் மின்சார ஷவர் வைத்தாலும், வாசலில் மின்சாரக் காருக்குச் சார்ஜர் பொருத்தினாலும், ஃபியூஸ் பெட்டியிலிருந்து புதிதாக ஒரு மின்சுற்று இழுக்க வேண்டியதாகிறது. சுவர் பூசி, வர்ணம் அடித்து, ஸ்விட்சைத் தட்டியவுடன் விளக்கு எரிந்துவிட்டால், வேலை பூரணமாயிற்று என்று திருப்திப்பட்டு, மிச்சப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து அனுப்பிவிடுவது பலருடைய வழக்கம். ஆனால் விளக்கு எரிவது மின்சாரம் வந்து சேர்ந்தது என்பதற்கு மாத்திரமே பிரமாணம். அந்த மின்சாரம் வழிதவறிப் பாய்கிற நேரத்தில் வீட்டிலுள்ளோர் உயிரைக் காக்கும் ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்பதற்கு அது ஒருபோதும் பிரமாணம் ஆகாது. எர்த் கம்பி எங்கோ ஓரிடத்தில் அறுந்து கிடந்தாலும் விளக்கு எரியும். ஸ்விட்சை லைன் கம்பியில் வைக்காமல் நியூட்ரலில் வைத்துவிட்டாலும் எரியும். உறை கிழிந்த கம்பி ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் எரியும். கண்ணுக்குத் தெரியாத இக்குறைகளைக் கருவி கொண்டு அளந்து, அளந்ததை எழுதி, எழுதியதற்குக் கையொப்பமிட்டு ஒருவர் பொறுப்பேற்கும் சாசனமே, புதிய மின்சுற்றுக்குரிய ‘எலெக்ட்ரிக்கல் இன்ஸ்டலேஷன் சர்டிபிகேட்’ என்னும் அத்தாட்சிப் பத்திரம்.

அபாயம்

இப்பத்திரத்தை வெறும் சம்பிரதாயக் காகிதமாகக் கருதுவதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதை, 2007 டிசம்பரில் வெஸ்ட் பிராம்விச் நகரில் நேர்ந்த ஒரு மரணம் உலகுக்கு உணர்த்தியது. அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டைக் கட்டியபோது, சுவர்ப்பலகையைப் பொருத்தச் செலுத்திய திருகாணி ஒன்று பின்னால் ஓடிய மின்கம்பியைச் சேதப்படுத்திவிட்டது. அதனால் சுவரைத் தாங்கிய உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் ஏறியது. பிற்பாடு ஒரு நாள் வீட்டில் நீர் கசிந்து தரையில் பரவியபோது, அதைக் கவனிக்கச் சென்ற இளந்தாய் ஒருவர் மின்சாரம் தாக்கி மாண்டார். அவ்வீட்டின் சுற்றுகளைச் சோதித்தவர் அதற்குரிய தகுதி பெறாத உதவியாளர் என்பதும், பத்திரத்தில் கண்ட அளவுகள் உண்மையில் அளந்தவை அல்ல, மனம்போனபடி நிரப்பியவை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன. மின்வேலை செய்த நிறுவனத்துக்கு 2014-ல் நீதிமன்றம் 3 லட்சம் பவுன் அபராதம் விதித்தது. சில நிமிஷங்களில் முடிந்துவிடக்கூடிய சோதனையை முறைப்படி செய்திருந்தால் அந்தக் கம்பியின் சேதம் புலப்பட்டிருக்கும் என்பதை நினைக்கும்போது, கட்டங்களை நிரப்பிய அந்தப் பொய் எண்கள் எத்தகைய விபரீதத்தை மூடி மறைத்தன என்பது நெஞ்சைச் சுடுகிறது.

பத்திரத்தில் இருக்க வேண்டியவை

பிரிட்டனில் வீட்டு மின்வேலைக்கு ஆதாரமான தரவிதி பி.எஸ். 7671. ஏற்கெனவே உள்ள சுற்றில் ஒரு பிளக் சாக்கெட்டைச் சேர்ப்பது போன்ற சில்லறை வேலைக்கு ‘மைனர் ஒர்க்ஸ்’ என்ற சிறிய பத்திரம் போதும். புதிய சுற்றுக்கு அது போதாது. புதிய சுற்றுக்குரிய முழுப் பத்திரத்தில் வடிவமைத்தவர், நிறுவியவர், பரிசீலித்துச் சோதித்தவர் ஆகிய மூவரின் கையொப்பமும் வேண்டும்; மூன்று காரியங்களையும் ஒருவரே செய்திருந்தால் அவருடைய கையொப்பம் ஒன்றே போதும். கண்ணால் பார்த்துப் பரிசீலித்தவற்றின் அட்டவணையும், கருவியால் அளந்தவற்றின் அட்டவணையும் அதனுடன் இணைந்திருக்க வேண்டும். இவை இல்லாமல் முதற்பக்கம் மாத்திரம் கைக்கு வருமானால் அது முழுப் பத்திரம் ஆகாது.

சோதனைகளுக்கு ஒரு கிரமம் உண்டு. முதலில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எர்த் கம்பி கடைசி முனைவரை அறுபடாமல் போகிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்து 500 வோல்ட் நேர்மின்சாரம் செலுத்திக் கம்பி உறையின் காப்புத்தடையை அளக்கிறார்கள். அது ஒரு மெகோமுக்குக் குறையலாகாது, புதிய கம்பியாயின் சாதாரணமாக நூற்றுக்கணக்கில் இருக்கும். லைனும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருப்பதையும் அப்போதே உறுதி செய்கிறார்கள். இவை தேறிய பின்னரே மின்சாரத்தைச் செலுத்தி, எர்த் வழியே மின்சாரம் திரும்பும் பாதையின் தடையாகிய எர்த் லூப் தடையை அளக்கிறார்கள். உலோக உறையில் மின்சாரம் ஏறினால் ஃபியூஸ் பெட்டியிலுள்ள எம்.சி.பி. என்னும் தானியங்கி விசை மின்சாரத்தை விரைவில் அறுத்துவிட வேண்டும். பொதுவான பிளக் சாக்கெட் சுற்றுகளில் அதற்கு விதித்த காலவரை 0.4 விநாடி. இதற்காகவே, 32 ஆம்பியர் பி வகை எம்.சி.பி. உள்ள சுற்றில் அந்தத் தடை 1.37 ஓமை மிஞ்சலாகாது என்று வரையறுத்திருக்கிறார்கள். கடைசியாக, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுக்க வேண்டிய ஆர்.சி.டி. என்னும் பாதுகாப்பு விசை, 300 மில்லி விநாடிக்குள் அறுக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இவற்றை அளக்கும் வித்தை வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அளந்ததற்கான அடையாளத்தை எவரும் படித்தறியலாம். கம்பியின் நீளம் சுற்றுக்குச் சுற்று மாறுவதால் எர்த் லூப் தடையும் மாறத்தான் வேண்டும். மாடிப் படுக்கையறைக்கும் ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்திலுள்ள அடுப்புக்கும் ஒரே எண் எழுதியிருந்தால் காரணம் கேட்பது நியாயம். காப்புத்தடையில் மாத்திரம் எல்லாச் சுற்றுக்கும் ஒரே எண் வருவதில் தவறில்லை. கருவி காட்டக்கூடிய உச்ச அளவை எட்டிவிட்டது என்பதே அதன் பொருள். சோதித்த தேதி, கருவியின் வரிசை எண், அடுத்த பரிசீலனைக்குரிய காலம் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்றும், சுற்றுகளின் பெயர்கள் ஃபியூஸ் பெட்டியில் ஒட்டிய பெயர்களோடு பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

உரிமைகள்

2005 ஜனவரி 1 முதல் வீட்டு மின்வேலை கட்டட விதிகளின் ‘பார்ட் பி’ பகுதிக்குள் வந்தது. நகரசபைக்கு அறிவிக்க வேண்டிய வேலைகளின் தொகையை 2013-ல் இங்கிலாந்தில் குறைத்தபோதும், புதிய சுற்று அந்தப் பட்டியலிலேயே நின்றது. என்.ஐ.சி.இ.ஐ.சி., நாப்பிட் போன்ற அமைப்புகளில் பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் தம் வேலைக்குத் தாமே உறுதி கூறலாம். வேலை முடிந்த 30 நாட்களுக்குள் கட்டட விதிகளுக்கு இணங்கியது என்னும் மற்றொரு பத்திரமும் வீட்டுக்காரருக்கு வந்து சேர வேண்டும். பதிவு பெறாதவரைக் கொண்டு செய்வதானால், தொடங்குவதற்கு முன்பே நகரசபையின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு அறிவிப்பதோ, பதிவு பெற்ற மூன்றாம் நபர் சான்றாளரை அமர்த்துவதோ அவசியம். விதி மீறலைச் சரிப்படுத்தும்படி வீட்டின் சொந்தக்காரருக்கே நோட்டீஸ் வரக்கூடும். வீட்டை விற்கும்போதும் வழக்கறிஞர் இப்பத்திரங்களைக் கேட்பார்.

வாடகை வீட்டில் வசிப்போருக்கும் சட்டம் துணை நிற்கிறது. இங்கிலாந்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனியார் வீட்டுச் சொந்தக்காரர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் மின்னமைப்பைப் பரிசீலிக்கச் செய்து, அறிக்கையின் பிரதியைக் குடியிருப்பவருக்கு 28 நாட்களுக்குள் தர வேண்டும். குறை கண்டிருந்தால் 28 நாட்களுக்குள்ளோ, அறிக்கை அதற்கும் முன்பாகக் கெடு விதித்திருந்தால் அக்கெடுவுக்குள்ளோ சரிசெய்ய வேண்டும். தவறினால் நகரசபையிடம் முறையிடலாம்.

பரிகாரங்கள்

வருமுன் காப்பதே உத்தமம். ஆளை அமர்த்துவதற்கு முன் அவர் பதிவை அந்த அமைப்பின் பட்டியலில் சரிபார்த்து, பத்திரம் கைக்கு வந்த பின்னரே கடைசித் தவணையைக் கொடுப்பதென்று எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தும் பத்திரம் வராவிட்டால் எழுத்து மூலம் கேட்டு, அப்போதும் வராவிட்டால் அவர் பதிவு பெற்ற அமைப்பில் புகார் செய்யலாம். வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் நடந்திருக்கவில்லையானால், மறுபடி செய்து தரும்படியோ விலையைக் குறைக்கும்படியோ கோரும் உரிமையை 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அளிக்கிறது. வழி தெரியாதவருக்குச் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தார் இலவசமாக ஆலோசனை கூறுவார்கள்.

சுற்றை இழுத்தவர் பத்திரம் தராமலே போய் மறைந்துவிட்டால், வேறொருவரை அழைத்து அவ்வேலைக்கு நிறுவற் பத்திரம் எழுதித் தரும்படி கேட்பது முறையன்று. தாம் செய்யாத வேலையைச் செய்ததாக யோக்கியர் எவரும் கையொப்பமிட மாட்டார். அதற்குப் பதிலாக, மின்னமைப்பின் தற்கால நிலையை ஆராயும் ‘கண்டிஷன் ரிப்போர்ட்’ ஒன்றைப் பெற்று, நகரசபையிடம் பின்னிட்டு முறைப்படுத்தும்படி விண்ணப்பிக்கலாம். அவ்வறிக்கையில் சி1 என்று குறித்தது உடனடி அபாயம், சி2 என்று குறித்தது அபாயமாகக் கூடியது. இரண்டையும் தாமதமின்றிச் சரிசெய்தே ஆக வேண்டும்.

இத்தொழிலில் ஈடுபட்டிருக்கும் நம் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நேரம் போதவில்லை என்றால் மறுநாள் வந்து அளந்து பாருங்கள். அளக்க முடியாததை, முடியவில்லை என்று காரணத்தோடு எழுதுங்கள். அளக்காத எண்ணை ஒருபோதும் எழுதாதீர்கள். வீட்டுக்காரர்களோ, கூச்சத்தை விட்டுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, புரியாத கட்டத்துக்கு விளக்கம் பெற்று, வீட்டுப் பத்திரங்களோடு பத்திரப்படுத்த வேண்டும். உண்மையாக அளந்தவர் அக்கேள்வியால் வருந்த மாட்டார். வருந்துகிறவரிடம் கேட்காமல் விடுவது, நம் பிள்ளைகளின் உயிரைப் பிறரது சோம்பலுக்குப் பணயம் வைப்பதாகும்.