திறந்திடு சீசே... ஆனா, ஒரு நிமிஷம்!

பசுவந்தனைப் பக்கம் பழைய வீட்டு வாசல் கதவைக் கவனிச்சிருக்கீங்களா? ஐப்பசி மழையில கரிசல் மண் தண்ணியைக் குடிச்சு உப்பும். கோடையில காஞ்சு பாளம் பாளமா வெடிக்கும். மண் ஆடுற ஆட்டத்துல வாசல் நிலை லேசா சாயும். அப்புறம் கதவு சாத்தாது. 'கிறீச்'னு தரையில உரசும். தோளைக் கொடுத்துத் தள்ளணும். வேற வழியில்லாம தச்சரைக் கூப்பிட்டு இழைச்சு விடுவாங்க.

ஆக, நம்மூர் கதவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கோளாறு வந்தா சத்தம் போட்டுச் சொல்லிடும்!

ஆனா ஏர்போர்ட்டு, பெரிய ஆஸ்பத்திரி, நகைக்கடை வாசல்ல தானா விலகி வழிவிடுமே கண்ணாடிக் கதவு, அது அப்படியில்லை. பாதி பழுதான அன்னிக்கும் வழக்கம்போல ஸ்டைலாத் திறக்கும். ஆபத்தே அங்கதான்.

காத்து கொடுத்த ஐடியா

இந்தக் கதவு பிறந்த கதை நம்ம ஆடிக் காத்துக்கு ரொம்ப நெருக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கார்பஸ் கிறிஸ்டினு ஒரு கடலோர ஊர். அங்கே அடிக்கிற காத்துல தள்ளித் திறக்கிற கதவுகள் படாத பாடு பட்டன. அதைப் பார்த்த டீ ஹார்ட்டன், லூ ஹெவிட் இருவரும் 1954-ல் 'பக்கவாட்டில் நகர்ந்தா காத்து என்ன பண்ணும்?'னு யோசிச்சாங்க. ஆட்டோமேட்டிக் ஸ்லைடிங் டோர் ரெடி!

இப்போ வர்ற கதவுகள்ல பெரும்பாலும் ரெண்டு விதமான கண் இருக்கும். ஒண்ணு, மேலே இருக்கிற ரேடார். நீங்க நடந்து வர்றதைப் பார்த்துக் கதவைத் திறக்கும். ஆனா அசையாம நிக்கிற ஆள் அதுக்குத் தெரியாது. ரெண்டாவது, இன்ஃப்ராரெட் சென்சார். வாசப்படியில யாராவது நின்னா மூடவிடாமத் தடுக்கிறது இதோட வேலை. இந்த ரெண்டாவது கண் கெட்டாலும் கதவு ஜம்முனு திறக்கும், மூடும். கடைக்காரர் 'நல்லாத்தானே ஓடுது'ம்பார். நிதானமா நடக்கிற ஒரு ஆச்சி கைத்தடியோட நடுவுல நிக்கும்போதுதான் விஷயம் வெளிய வரும்.

டோக்கியோ சொன்ன பாடம்

2004 மார்ச் 26. ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் ரொப்போங்கி ஹில்ஸ். திறந்து ஒரு வருஷம்கூட ஆகாத பளபளா வளாகம். அங்கே இருந்த மோரி டவர் வாசலில் ஆட்டோமேட்டிக் சுழல் கதவு. அம்மாவோட வந்த 6 வயசுப் பையன் ஒருத்தன் துள்ளி ஓடி உள்ளே நுழைய, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல தலை சிக்கி இறந்துபோனான்.

விசாரிச்சா, ஒவ்வொண்ணா வெளிய வந்தது. கதவோட எடை சுமார் 2.7 டன். மோட்டாரை நிறுத்தினாலும் அந்தக் கனத்துக்குக் கொஞ்சம் சுழன்ற பிறகுதான் நிக்கும். கதவு காரணமில்லாம அடிக்கடி நின்னுடுதுன்னு சென்சார் பார்க்கிற எல்லையைக் குறைச்சிருந்தாங்க. உயரம் குறைஞ்ச ஒரு குழந்தை அந்த எல்லைக்குள்ளே வரவே இல்லை! அதே வளாகத்துக் கதவுகளில் அதுக்கு முன்னாலேயும் பலர் அடிபட்டிருந்தாங்க. எச்சரிக்கை மணி அடிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கு.

மெஷினுக்குத் தானா புத்தி மாறலை பாஸ். 'தொல்லையா இருக்கு'ன்னு அதோட கண்ணைப் பாதி மறைச்சது மனுஷங்கதான்.

கண்ணாடியும் கவனிக்கணும்

நம்ம பக்கத்து வீடு கேரளா. 2020 ஜூன்ல பெரும்பாவூரில் ஒரு வங்கிக்கு வந்த பெண், மறந்துபோன வண்டிச் சாவியை எடுக்க அவசரமாத் திரும்பி ஓடினார். கண்ணாடிக் கதவில் மோத, அது நொறுங்கி வயித்துல குத்தி உயிரே போயிடுச்சு. அது தானா திறக்கிற கதவு இல்லைதான். ஆனா பாடம் ஒண்ணுதான். சாதாரணக் கண்ணாடி உடைஞ்சா கத்தி மாதிரி நீளநீளமாச் சிதறும். டஃபண்டு கிளாஸ் உடைஞ்சா கல்கண்டு மாதிரி சின்னச் சின்னத் துண்டாகும். அதுக்கு ஐ.எஸ். 2553-னு இந்தியத் தரக் குறியீடே இருக்கு. கண் மட்டத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா, அங்கே கண்ணாடி இருக்குன்னாவது தெரியும். செலவு? டீக்காசு!

தினமும் ஒரு டெஸ்ட்

தீபாவளி சீசன்ல ஜவுளிக்கடை, ஷோரூம்னு பார்ட் டைம் போறீங்களா? காலையில கடை திறந்ததும், கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, பொறுப்பில் இருக்கிறவர்கிட்ட சொல்லிட்டு இதைச் செஞ்சு பாருங்க. அமெரிக்காவில் கதவுத் துறையினர் சொல்ற தினசரி சோதனையும் கிட்டத்தட்ட இதுதான்.

* சாதாரண வேகத்தில் கதவை நோக்கி நடங்க. சுமார் 4 அடி தூரத்திலேயே திறக்கணும்.

* வாசப்படி நடுவுல 10 செகண்ட் ஆடாம நில்லுங்க. கதவு மூடவே கூடாது.

* நகர்ந்து வாங்க. குறைஞ்சது ஒன்றரை செகண்ட் திறந்தே இருந்து, அப்புறம் மெதுவா மூடணும். டமால்னு இல்லை!

* இதையே மறுபக்கத்திலிருந்தும் செய்யுங்க.

* கீழே கதவு ஓடுற தடத்தைப் பாருங்க. நம்ம ஊர்ப் புழுதிக்கு அது ரொம்பப் பிடிச்ச இடம். தூசி, சின்னக் கல் இருந்தா சுத்தம் பண்ணணும். சென்சார் மேல படிஞ்ச தூசியையும் துடைக்கணும்.

ஒண்ணு தப்பினாலும் கதவைத் திறந்த நிலையிலேயே நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லுங்க. ஏசி காத்து வெளிய போகுதேன்னு முதலாளி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். கரண்ட் போனா கதவு எப்படித் திறக்கும்னும் அன்னிக்கே கேட்டு வெச்சுக்கோங்க. தீ, புகைன்னு ஒண்ணு வந்த பிறகு கேட்க நேரம் இருக்காது.

'ஆட்டோமேட்டிக்'னா கதவு தானாத் திறக்கும்னு மட்டும்தான் அர்த்தம். தன்னைத் தானே அது பார்த்துக்காது. அதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் ஏன் நீங்களா இருக்கக் கூடாது?