210 நாளா, 220 நாளா? பள்ளி நாட்களைக் கூட்டினால் படிப்பும் கூடுமா?

2024-25 கல்வியாண்டுக்குத் தமிழகப் பள்ளிக்கல்வித் துறை முதலில் வெளியிட்ட நாள்காட்டியில் 220 வேலை நாட்கள் இருந்தன. அதற்காகச் சனிக்கிழமைகள் பலவும் பள்ளி நாட்களாகிவிட்டன. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. பிறகு அது 210 ஆனது. பத்து நாள்தானே, இதுக்கா இவ்வளவு சத்தம் என்று தோன்றலாம். ஆனால், பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் 'லீவைக் குறைங்க, நாட்களைக் கூட்டுங்க' என்ற யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. அது பலன் தருமா?

சட்டம் கேட்பது எவ்வளவு?

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல் வேண்டும். 6 முதல் 8 வரை 220 நாட்கள், 1,000 மணி நேரம். ஆக, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 210 என்பது சட்டம் சொன்னதைவிடப் பத்து நாள் குறைவு.

இப்போது மணிக்கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 8 பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 5 மணி 20 நிமிடம். இந்தக் கணக்கில் 188 நாட்களிலேயே 1,000 மணி நேரம் வந்துவிடும். 210 நாளுக்கு 1,120 மணி நேரம். காகிதத்தில் நேரம் மிச்சமாகவே இருக்கிறது. இங்கிலாந்திலும் பின்லாந்திலும் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது சுமார் 190 நாட்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 180 நாட்கள்தான்.

நம் மிச்ச நேரம் எங்கே போகிறது? ஈராசிரியர் பள்ளி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால், மீதமிருப்பவர் ஐந்து வகுப்பையும் 'பார்த்துக்கொள்ள' மட்டுமே முடியும். அன்றும் அது ஒரு வேலை நாள்தான். இதே சட்டத்தின் 27-வது பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு உண்டு. இவற்றோடு ஆப்பில் ஏற்ற வேண்டிய விவரங்கள் வேறு. இப்படி ஓடும் பள்ளியில் பத்து நாளைக் கூட்டினால், இதே மாதிரி இன்னும் பத்து நாள் கிடைக்கும்.

கரோனா காட்டிய கணக்கு

கரோனாவுக்குப் பிறகு நடந்தது இந்த விவாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜீத் சிங், மோரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2019-ல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் இவர்கள் மொழிப் பாடத்திலும், அதைவிட அதிகமாகக் கணக்கிலும் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் கிட்டத்தட்ட கால் பங்குக்குக் காரணம் 'இல்லம் தேடிக் கல்வி'. மாலையில் ஊர்த் தன்னார்வலர்கள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் எடுத்த வகுப்பு அது.

பெரும்பகுதி மீட்சி பள்ளி திறந்ததால் வந்தது, அப்படியென்றால் நாட்கள் முக்கியம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பூட்டிக் கிடந்த பள்ளியைத் திறப்பது வேறு, 210-ஐ 220 ஆக்குவது வேறு. பின்தங்கிய பிள்ளைக்கு அது நிற்கும் இடத்திலிருந்து சொல்லிக்கொடுக்கும் ஒரு மணி நேரத்துக்கு இருக்கும் பலம், வகுப்பு மொத்தத்துக்கும் ஓடும் ஒரு சனிக்கிழமைக்கு இருக்காது. சிலபஸ் முடிந்துவிட்டது என்று அன்று நோட்டில் எழுதலாம், அவ்வளவே.

லீவில் சாப்பாடு?

நாட்களைக் கூட்டச் சொல்பவர்கள் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை அவர்களே அதிகம் பேசுவதில்லை என்பதுதான் வேடிக்கை. அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குப் பள்ளி நாள் என்றால் மதியச் சத்துணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டத்துக்குப் பிறகு காலை உணவும் உண்டு. கோடை விடுமுறை விட்டால் இரண்டு வேளையும் நின்றுபோகிறது. அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் மே மாதம் நீளமானது.

ஆனால் அந்த மே மாதத்தில்தான் கத்திரி வெயில். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் வெயிலால் பள்ளித் திறப்பையே ஜூன் இரண்டாவது வாரத்துக்குத் தள்ள வேண்டியிருந்தது. ஷீட் போட்ட வகுப்பறையில் மதியம் மூன்று மணிக்குப் பின்னம் நடத்துவதில் யாருக்கும் லாபமில்லை.

கூடுதல் நாளுக்குப் பணமும் மனமும் இருந்தால், எல்லோருக்கும் பத்து சனிக்கிழமை வேண்டாம் என்பேன். விடுமுறையில் 20 நாள், காலை எட்டிலிருந்து பத்து வரை, 3 முதல் 5-ம் வகுப்பு வரை வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு வைக்கலாம். எடுப்பவர்கள் ஊதியம் பெறும் ஊர்க்காரர்களாக இருக்கட்டும். ஆசிரியர்களின் விடுமுறையில் கை வைக்க வேண்டியதில்லை. வந்ததும் காலை உணவு, போகும்போது மதியச் சாப்பாடு. பத்தரைக்குள் வெயில் ஏறும் முன் பிள்ளை வீட்டில் இருக்கும்.